சொட்டாத கெண்டி

முட்டுக்காரரை மாடிக்கு அழைத்து, நாற்காலி போட்டு, தேநீரும் கொடுத்தார்கள். அவர் தேநீரை மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தார்.

அருங்காட்சியகத்தில் அவருக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். அதில் மாடியிலுள்ள காப்பாட்சியர் அறைக்குள் அவர் போனது மூன்று தடவை. மூன்றும் ஆடுகிற மேசைக்கு அண்டை கொடுக்க. நாலாவது தடவை "உக்காருங்க சார்" என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? ஆட்டுக்குத் தழை காட்டுகிறவன் எல்லோரும் ஆட்டின் மேல் உள்ள பிரியத்தால் காட்டுவதில்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிற பொருளுக்கு முட்டுக் கொடுப்பதுதான் அவர் வேலை. உடைந்த கிண்ணமோ, வளைந்த வாளோ, பஞ்சடைத்த கொக்கோ, எதுவானாலும் அது தன் காலில் தானே நிற்பதாகத் தோன்ற வேண்டும். அதற்கு அடியிலும் முதுகிலும் பித்தளைக் கம்பியை வளைத்து, கம்பி உரசாமலிருக்கத் துணி ஒட்டி, பொருளின் நிறத்திலேயே சாயமும் பூசுவார். முட்டு கண்ணில் பட்டால் அவர் தோற்றார் என்று அர்த்தம். சம்பளப் பட்டியலில் அந்த வேலைக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. அதை யாரும் முழுக்கப் படித்ததில்லை. எல்லோருக்கும் அவர் முட்டுக்காரர்தான்.

சந்தேகம் அவருக்குப் பிறவிக் குணம். பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். மூன்று தடவை இழுத்ததில் பூட்டு தளர்ந்திருக்குமோ என்று நாலாவது தடவையும் இழுப்பார். வைத்தியர் "ஒண்ணுமில்ல" என்று சொன்னால் மறைக்கிறார் என்று எடுத்துக்கொள்வார். "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பகூட நாற்காலியைக் கவுத்துப் பாத்துட்டுத்தான் உக்காந்தாரு" என்று அவர் மனைவி முப்பது வருடமாகச் சொல்லி வருகிறார். அவரும் மறுத்ததில்லை. அந்த நாற்காலிக்கு ஒரு கால் உண்மையிலேயே விரிந்திருந்தது.

வேலைக்கு இந்தக் குணம் தோதாக இருந்தது. மற்றவர்கள் பொருளின் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் கவிழ்த்துப் பார்ப்பார். அடிப்பாகத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது அவர் சித்தாந்தம்.

தேநீருக்கு வருவோம். காப்பாட்சியர் அம்மா புதிதாக வந்தவர், படித்தவர், நல்லவர். கெட்டவராக இருந்திருந்தால் முட்டுக்காரர் எளிதாகச் சமாளித்திருப்பார். இஸ்லாமியக் கலைக்கென்று தனிக்கூடம் திறக்க மேலிடம் அனுமதி கொடுத்திருந்தது. அந்தச் சமூகத்தாரின் கருத்தையும் கேட்டுக் காட்சி அமைக்க வேண்டும் என்பது அனுமதியோடு வந்த நிபந்தனை. தேடிப் பார்த்ததில், நூற்றி நாற்பது ஊழியரில் அந்தச் சமூகத்தார் ஒரே ஒருவர். படிக்கட்டுக்கு அடியிலுள்ள பட்டறையில் கம்பி வளைத்துக்கொண்டிருந்தார்.

மேசைமேல் நீலப் பூவேலை செய்த கிண்ணம் ஒன்று இருந்தது. எட்டு நூற்றாண்டுப் பழசு.

"இதைப் பாத்தா உங்களுக்கு என்ன தோணுது சார்? மனசுல படுறத அப்படியே சொல்லுங்க."

முட்டுக்காரர் கிண்ணத்தை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்தார். கவிழ்த்துப் பார்க்கக் கை பரபரத்தது, அடக்கிக்கொண்டார்.

"விளிம்புல கை வைக்காதீங்க" என்றார்.

காப்பாட்சியர் அம்மாவின் கண் மலர்ந்தது. "ஏன் சார்? உங்கள்ல அப்படி ஏதாவது…"

"அந்த இடத்துல ஒட்டு போட்டிருக்கு. பசை விடப்போகுது."

அந்த அம்மா குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். தலைகீழாக இருக்கிற எதையும் படிப்பது முட்டுக்காரருக்குத் தொழிற்பழக்கம். 'கிண்ணத்தின் விளிம்பைத் தொடுவது குறித்துச் சமூகத்தில் ஆழ்ந்த உணர்வு உள்ளது' என்றிருந்தது.

அதற்குப்பின் வாரம் ஒரு தேநீர். வேதம் வைத்து ஓதுகிற மடக்குப் பலகை ஒன்று வந்தது. கத்தரிக்கோல் போல விரியும், தேக்கு, நல்ல வேலைப்பாடு. அதற்கு ஒரு முட்டுச் செய்யச் சொன்னார்கள். பக்கத்துப் பெட்டியில் கையெழுத்துப் பிரதி ஒன்று. அதற்கும் ஒரு முட்டு.

"மேடம், பொஸ்தகத்தத் தாங்குறதுக்குத்தானே பலகை? பொஸ்தகத்த அதுமேல வச்சுட்டா ரெண்டு முட்டு மிச்சமாகுமே?"

"பலகை மரக்கலைப் பிரிவு சார். பிரதி நூற்கலைப் பிரிவு."

ஆக, தாங்குவதற்கென்றே பிறந்த பலகை எதையும் தாங்காமல் ஒரு பெட்டியில் நின்றது. தாங்கப்படவேண்டிய புத்தகம் வேறொரு பெட்டியில் அவர் வளைத்த தகட்டில் சாய்ந்தது. அவருக்கு இரண்டு நாள் வேலை கூடியது, அவ்வளவுதான்.

ஆறாவது தேநீரில்தான் விஷயம் வெளியே வந்தது.

"கடைசிப் பெட்டி 'வாழும் மரபு' சார். இன்னைக்கும் வீட்ல புழங்குற பொருள் ஒண்ணு வைக்கணும். உங்க வீட்ல பழைய பாத்திரம் ஏதாவது?"

பேச்சுவாக்கில் நாக்கு முந்திவிட்டது. "அக்கா வீட்ல ஒரு செம்புக் கெண்டி இருக்கு மேடம். எங்கப்பா காலத்துது."

நாக்கு சொன்னதைக் காது கேட்டு வருத்தப்படுவதற்குள் கடன்படிவம் மேசைக்கு வந்துவிட்டது. ஒரு வருடத்துக்கு இரவல். அதன்பின் 'இரு தரப்பும் இசைந்தால்' நீட்டிப்பு.

அந்தக் கெண்டி பற்றிச் சொல்லவேண்டும். மூக்கு வைத்த, குடம் போன்ற வயிறுள்ள கெண்டி. வயிற்றில் ஒரு நசுங்கல், கைப்பிடியில் கட்டைவிரல் தேய்த்த குழி. அக்கா தையற்காரி. தெருவில் பெண்கள் யாராவது இறந்துபோனால் தையலை நிறுத்திவிட்டு, கெண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவார். மய்யித்தைக் குளிப்பாட்டுவது, அதாவது இறந்தவருக்குக் கடைசி நீர் ஊற்றுவது, நாற்பது வருடமாக அவர் பொறுப்பு. பெற்ற தாயில் தொடங்கியது. அந்தத் தெருவில் அந்தக் கெண்டியைத் தெரியாதவர் கிடையாது; அதன் தண்ணீர் எப்படி இருக்கும் என்று சொல்லத் தெரிந்தவரும் கிடையாது.

அக்கா மிஷினை நிறுத்தாமலே கேட்டார். "குடுத்தா திரும்பி வருமா?"

"எழுத்துல இருக்குக்கா. ஒரு வருஷம்."

"எழுத்துல இருக்குறதெல்லாம் வீட்டுக்கு வந்துருமா? நீதானேடா சொன்ன, அங்க உள்ள போனது எதுவும் வெளிய வந்ததில்லைன்னு?"

சொன்னதுதான். கிடங்கில் இரவல் அட்டை தொங்கவிட்ட பெட்டிகளை அவர் பார்த்திருக்கிறார். இரவல் கொடுத்தவரின் பேரன் காலமும் முடிந்துபோயிருக்கும்.

"எதுல ஊத்தினாலும் தண்ணி தண்ணிதான், ஒத்துக்கறேன். ஆனா என் கைக்குத் தெரிஞ்சது இதுதான். சாய்ச்சா ஊத்தும், நிமித்தினா கப்புனு நிக்கும். ஒரு சொட்டு மூக்கு வழியா ஒழுகாது. நம்ம கெண்டிக்கு ஜொள்ளு விடுற வழக்கமே கிடையாது. நாளைக்கு நான் செத்தா எதுலடா ஊத்துவீங்க? டிக்கெட் வாங்கிட்டு உள்ள போயி ஊத்துவீங்களா?"

படிவத்தில் கையெழுத்தும் போட்டாகிவிட்டது, மேலே மூன்று பேர் ஒப்பமும் வைத்தாகிவிட்டது. கடைசியில் அளவெடுக்க வேண்டும் என்று சொல்லி ஒரு வாரத்துக்கு வாங்கிப் போனார். "வெள்ளிக்கிழமை வரல, நானே வந்து கண்ணாடிய உடைப்பேன்" என்று சொல்லி அக்கா கொடுத்தார்.

யோசனை அவருக்கு முன்பே வந்துவிட்டது. பாத்திரக்கடையில் அதே வார்ப்பில், அதே அளவில் புதுச் செம்புக் கெண்டி ஒன்றை வாங்கினார். புதுக் கம்பிக்குப் பழைய பொருளின் நிறம் ஏற்றும் வித்தையில் ஊறிய கைக்குப் புதியதைப் பழசாக்குவது எம்மாத்திரம்? நசுங்கலை அதே இடத்தில் வைத்தார். கைப்பிடிக் குழியை மணல்தாளால் தேய்த்து, தன் கட்டைவிரலாலும் ஒரு நாள் முழுக்கத் தேய்த்தார். அடிப்பாகத்துக்கு மட்டும் நாலு நாள். உலகம் முழுக்க அடிப்பாகத்தைப் பார்க்காது. ஆனால் பார்க்கிற ஒரே ஆளை ஏமாற்ற வேண்டுமே என்ற வைராக்கியம். அந்த ஆள் அவரேதான் என்பது அப்போது உறைக்கவில்லை.

புதன்கிழமை பதினொரு மணிக்கு மாடியில் தேநீர். பட்டறை மேசையில் இரண்டு கெண்டியும் பக்கத்தில் பக்கத்தில். இடதுபக்கம் அசல், வலதுபக்கம் நகல். பொருட்களுக்கு எண் போடும் பதிவேட்டுக்காரர் வியாழக்கிழமை வரவேண்டியவர். அன்றே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். எண் போட இடம் தேடி இரண்டையும் கவிழ்த்துப் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்துப்போனார். பட்டியலில் ஒரு கெண்டி என்றிருந்தது. மேசையில் இரண்டு இருந்தால் அது மேசையின் பிரச்சினை.

முட்டுக்காரர் திரும்பிவந்து பார்த்தபோது மேசை நடுவில் ஒரு கெண்டி கவிழ்ந்து கிடந்தது. அடிப்பாகத்தைத் தடவினார். இத்தனை நிஜமான தேய்மானம் நகலில் வருமா? அசல்தான் என்று முடிவு செய்தார். கைவேலை அத்தனை சுத்தம். வாழ்க்கையில் அந்த ஒரு நாள் மட்டும் அவர் நாலாவது தடவை இழுத்துப் பார்க்கவில்லை.

காப்பாட்சியர் அம்மா கேட்டபோது உண்மையையே சொன்னார். "மய்யித்தக் குளிப்பாட்டுற கெண்டி மேடம்." பொய்க் கெண்டிக்கு மெய்யான வரலாறாவது இருக்கட்டும் என்ற நியாய உணர்ச்சி. அந்த அம்மா வெகுநேரம் பேனாவைக் கடித்தார்.

"மனசைத் தொடுது சார். ஆனா நம்ம கூடத்துல நாலு தலைப்புதான்: வழிபாடு, அரசு, அறிவு, விருந்தோம்பல். சாவுக்குத் தலைப்பு இல்ல. வழிபாட்டுப் பெட்டி நிரம்பிருச்சு." மேசையில் தட்டினார். "விருந்தோம்பல்ல இடம் இருக்கு."

வெள்ளிக்கிழமை அக்கா வீட்டுக்குக் கெண்டி சொன்னபடி போய்ச் சேர்ந்தது. அக்கா தண்ணீர் பிடித்துச் சாய்த்தார், நிமிர்த்தினார். மூக்கின் அடியில் ஒரு சொட்டு ஓடிவந்து வயிற்றில் இறங்கியது.

"என்னடா இது, ஜொள்ளு விடுது?"

"உள்ள சுத்தம் பண்ணினேன்கா. கறை போயிருக்கும். பழகினா சரியாயிடும்."

"கெண்டி பழகுமா? அது என்ன மருமகளா?"

திறப்பு விழாவுக்குத் தெருவிலிருந்து பன்னிரண்டு பேரை அழைத்திருந்தார்கள். 'விருந்தோம்பல்' பெட்டியில், வெல்வெட் விரிப்பின் நடுவில், விளக்கு வெளிச்சத்தில் கெண்டி மாப்பிள்ளை மாதிரி நின்றது. சுற்றி ஆறு கண்ணாடிக் குவளை, ஒரு தட்டில் பிளாஸ்டிக் பேரீச்சம்பழம். சுவரில், முட்டுக்காரர் சொன்னதாகப் பெரிய எழுத்தில்: 'எங்கள் வாசலுக்கு வருகிறவரை நீர் வார்த்தே வரவேற்போம்.'

"நீ எப்படா இதச் சொன்ன?" என்றார் அக்கா. "வந்தவனுக்கு ஒரு தடவைகூட நீ தண்ணி மொண்டு குடுத்ததில்லையே?"

பக்கத்து வீட்டுப் பெண்மணி கெண்டியைப் பார்த்தார், குவளைகளைப் பார்த்தார், முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "இதுலதானே எங்க மாமியாரக் குளிப்பாட்டினோம்?" என்று மெல்லிய குரலில் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. ஆனால் வெளிக்கூடத்தில் எலுமிச்சைச் சாறு கொடுத்தபோது அந்தத் தெருக்காரர் பன்னிரண்டு பேருக்கும் ஏககாலத்தில் தாகம் அடங்கியிருந்தது. காப்பாட்சியர் அம்மா, 'சமூகத்தார் உணர்ச்சிவசப்பட்டு மௌனமாக நின்றனர்' என்று அறிக்கையில் எழுதினார். பொய்யில்லை.

அக்கா மட்டும் கண்ணாடியில் மூக்கு படும்படி கால்மணி நேரம் நின்றார். வீட்டுக்கு வந்ததும் சொன்னார்.

"அங்க இருக்கிறதுதான் நம்மது. நீ எனக்குத் தந்தது டூப்பு."

முட்டுக்காரர் சிரித்தார். நகல் செய்த ரகசியத்தை அப்போதுதான், பெருமையோடு, அவிழ்த்தார். "அதுதான்கா நான் செஞ்சது. உன்னையே ஏமாத்திருச்சு பாத்தியா?"

"என்னை ஏமாத்தல. உன்னை ஏமாத்திருச்சு."

அதன்பின் அந்த வீட்டில் நிம்மதியாகத் தேநீர் குடிக்க முடியவில்லை. அக்கா அவரைச் சந்தேகப்பட்டார். முட்டுக்காரர் அக்காவின் கண்ணைச் சந்தேகப்பட்டார், அப்புறம் மூக்கைச் சந்தேகப்பட்டு இரண்டு தடவை அரம் போட்டார். ஜொள்ளு நிற்கவில்லை. மூன்றாவதாக, வெகு தாமதமாக, அந்தப் புதன்கிழமையைச் சந்தேகப்பட ஆரம்பித்தார். கூடத்தில் பெட்டிக்கு வெளியே நின்று பார்த்தார். கண்ணாடிக்குள் இருப்பதைக் கவிழ்க்க முடியாது. கவிழ்த்தாலும் என்ன, அந்த இடத்தில்தான் நாலு நாள் உட்கார்ந்து பொய் சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கிறாரே. தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் ஒரே நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஆனால் கூடத்துக்குள் தண்ணீர் பாட்டிலுக்கே தடை. பாத்திரம் பாத்திரம்தானா என்று பார்க்க முடியாத ஒரே இடம், பாத்திரத்தைப் பார்ப்பதற்கென்றே கட்டிய இடம்.

அந்த வருடம் தெருவில் இரண்டு பெண்கள் இறந்தார்கள். முதலாமவருக்கு அக்கா ஜொள்ளுக் கெண்டியோடு போய், ஒழுகிய தண்ணீரில் தன் புடவை நனைந்து வந்தார். இரண்டாமவருக்குப் பிளாஸ்டிக் மக்கை எடுத்துப்போனார். திரும்பிவந்து தம்பியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டுகிற அக்காவை அவர் தாங்குவார். பேசாத அக்காவுக்கு முட்டுக் கொடுக்க அவரிடம் கம்பி இல்லை.

வருடம் முடிந்தது. மறுபடி நாற்காலி, தேநீர், இம்முறை பிஸ்கட்டும்.

"கெண்டிக்கு நல்ல வரவேற்பு சார். நிரந்தரமா வச்சுக்கலாம்னு குழு விரும்புது. நன்கொடைப் பத்திரம் இது. உங்க அக்காகிட்ட ஒரு கையெழுத்து."

நகலானால் கையெழுத்துப் போடலாம்; அசலானால் அக்காவின் கடைசிக் குளியலையே எழுதிக் கொடுத்ததாகும். அடியைப் பார்க்காமல் பத்திரத்தில் கை வைக்க அவர் துணியவில்லை.

"அதுக்கு முன்னால முட்டு மாத்தணும் மேடம். லேசா ஆடுது" என்றார். அவர் செய்த முட்டு ஆடியதாகச் சொன்னது அதுவே முதல் தடவை. எல்லோரும் பதறிப்போனார்கள்.

மறுநாள் காலை பையில் அக்கா வீட்டுக் கெண்டியோடு வந்தார். வெளியே போகிறவர்களின் பையைத்தான் காவலர் சோதிப்பார். உள்ளே கொண்டுவருகிறவனை எந்த அருங்காட்சியகமும் சந்தேகப்பட்டதில்லை. பதிவேட்டுக்காரர் கையுறை மாட்டி, பெட்டியிலிருந்த கெண்டியைக் குழந்தையைப் போல ஏந்தி வந்து பட்டறை மேசையில் வைத்தார். "பத்திரம் அண்ணே, இது எண் போட்ட பொருள்" என்றவர், பதினொரு மணி அடித்ததும் தேநீருக்குப் போய்விட்டார். பூகம்பம் வந்தாலும் பதினொரு மணித் தேநீரை விடாதவர்.

முட்டுக்காரர் கதவைச் சாத்தி, நாலு தடவை இழுத்துப் பார்த்தார். குழாயில் தண்ணீர் பிடித்து அந்த எண் போட்ட பொருளில் ஊற்றினார். ஓர் அருங்காட்சியகத்தானுக்கு இதைவிடப் பெரிய பாவம் கிடையாது. வாளியின் மேல் சாய்த்தார். தண்ணீர் கயிறு போல இறங்கியது. நிமிர்த்தினார்.

கப்பென்று நின்றது.

நெடுநேரம் மூக்கின் நுனியையே பார்த்தார். ஒரு சொட்டு, அரைச் சொட்டு, எதுவும் வரவில்லை. ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்டவர் தன் கையை மட்டும் நம்பியிருந்தார்; அது கழுத்தறுத்துவிட்டது.

வருத்தப்பட நேரமில்லை. பையிலிருந்த நகலை எடுத்துக் கவிழ்த்து, சிவப்பு மையால் அதே எண்ணை, பதிவேட்டுக்காரரின் சாய்ந்த ஏழோடு சேர்த்து, எழுதினார். பதிவேட்டுக்காரர் உதட்டைத் துடைத்துக்கொண்டு வந்தபோது நகல் புது முட்டின் மேல் ஆடாமல் நின்றது. சுற்றிப் பார்த்துவிட்டு 'நிலையில் மாற்றம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

இனி அசலை வெளியே கொண்டுபோக வேண்டும். பையைக் காவலர் திறப்பார். அடியில் எண் வேறு. சாப்பாட்டு வேளை வரை யோசித்தார். பிறகு கெண்டியில் கழுத்துவரை தண்ணீர் நிரப்பி, கையில் பிடித்துக்கொண்டு, பின்வாசலுக்கு நேராக நடந்தார்.

காவலர் அப்போதுதான் பொட்டலத்தைச் சாப்பிட்டு முடித்து எச்சில் கையோடு நின்றார். பையை முட்டுக்காரரே திறந்து காட்டினார், காலியாக இருந்தது.

"கைல என்ன?"

"தண்ணி."

தண்ணீர் இருக்கிற பாத்திரம் அருங்காட்சியகப் பொருளாக இருக்க முடியாது. அது அந்தக் கட்டடத்தில் காவலர் முதல் காப்பாட்சியர் வரை அறிந்த விதி. காவலர் கெண்டியைப் பார்த்துக் கையை நீட்டினார். "நல்லவேளை வந்தீங்க. குழாய்ல தண்ணி வரல. கொஞ்சம் ஊத்துங்களேன் அண்ணே."

முட்டுக்காரர் ஒரு கணம் தயங்கினார். பிறகு சாய்த்தார். காவலர் இரண்டு கையையும் சாவகாசமாகக் கழுவி, வாயையும் கொப்பளித்தார். சுவரில் எழுதியிருந்த பொய் பின்வாசலில் அந்த ஒரு நிமிஷம் உண்மையாக இருந்தது.

"அழகா விழுது அண்ணே. ஒரு சொட்டு சிந்தல. எங்க வாங்கினீங்க?"

"வாங்கினதில்ல. எங்கக்காவோடது."

நன்கொடைப் பத்திரம் முதல் நகலை மாற்றியது வரை முட்டுக்காரர் சொல்லி முடித்ததும், அக்கா மிஷினை நிறுத்திவிட்டுக் கெண்டியை வாங்கினார். ஒன்றும் கேட்காமல் கொல்லைப்புறம் போய்ச் சாய்த்தார், நிமிர்த்தினார். மறுபடி சாய்த்தார், நிமிர்த்தினார். பிறகுதான் எத்தனையோ நாளைக்கு அப்புறம் தம்பியைப் பார்த்துப் பேசினார்.

"நன்கொடைப் பத்திரத்தக் குடு. அந்த ஜொள்ளுவாயனத் தாராளமா வச்சுக்கட்டும். அது உன் பிள்ளைதானே."

கையெழுத்துப் போட்டுவிட்டுக் கெண்டியைத் துடைக்கக் கவிழ்த்தார். அடியில் சிவப்பாக எண்.

"இது என்னடா?"

"அவங்க போட்ட நம்பர்கா. சுரண்டினா செம்போட வரும். கீழ்ப்பக்கம்தானே, இருந்துட்டுப் போகட்டும். ஊத்துறப்போ யாருக்குத் தெரியப்போகுது?"

அக்கா கெண்டியைக் கையில் ஏந்தி, தரையில் யாரோ படுத்திருப்பதுபோல் பாவித்து, மெல்லச் சாய்த்துப் பார்த்தார்.

"படுத்திருக்கிறவங்களுக்கு நேரா தெரியும்டா."

"அவங்க யார்கிட்டக்கா போய்ச் சொல்லப்போறாங்க?"

"அத எப்படி நம்புறது?" என்றார் அக்கா.